முதலில் யார் வணக்கம் சொல்வது?

குடிநீர் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே ஊருக்குத் தண்ணீர் நின்றுபோனது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று மேலதிகாரி அறிக்கை விட்டார். பாவம், வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அது. பிரச்சினையே தொடர்பு இல்லாததுதான்.

ஊருக்கு வெளியே பம்பு நிலையத்தில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டளை தட்டினால் அது அங்கே வால்வைத் திறக்கும். காலையிலிருந்து கம்ப்யூட்டர்காரம்மா தட்டாத தட்டு இல்லை.

"என்னம்மா சொல்லுது?" என்றார் மேலதிகாரி.

"புரோட்டோகால் ஒத்துப்போகலைன்னு சொல்லுது சார்."

மேலதிகாரி விறைப்பாக எழுந்து நின்றார். ஒரு விழாவில் மந்திரியின் மச்சானை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்து, புரோட்டோகால் தெரியாதவர் என்று மாற்றல் வாங்கியவர் அவர்.

"அப்பவே நெனச்சேன்! அங்க இருக்கறவர் சீனியர். நேத்து வந்த பய நேராப் போய்க் கதவத் தட்டினா எப்படி?"

"ஐயோ சார், இது மரியாதை விஷயமில்ல. ரெண்டும் பேசற முறை வேற. புதுசு பேசறது பழசுக்குப் புரியல. பழசு பேசறதப் புதுசு காதுலயே வாங்கமாட்டேங்குது."

"அதத்தானே நானும் சொல்றேன்? எங்க வீட்டு மருமகளும் அப்படித்தான்."

உடனே உயர்நிலைக் குழு கூடியது. யார் முதலில் வணக்கம் சொல்வது என்று தீவிரமாக ஆலோசித்தது. 'பெருமதிப்பிற்குரிய பம்பு நிலையக் கணினி அவர்களின் மேலான கவனத்திற்கு' என்று தட்டச் சொன்னார்கள். தலையெழுத்தே என்று கம்ப்யூட்டர்காரம்மா தட்டினாள். இருந்த அரைகுறை இணைப்பும் பட்டென்று அறுந்தது.

"பெரிய மனுஷங்கன்னா அப்படித்தான்" என்று குழு உருகியது.

வீட்டிலிருந்து அவள் கணவன் போன் செய்தான். "டிரம் காலிடி. குழந்தைக்குக் கால் கழுவக்கூட வழியில்ல. நீ அங்க என்னதான் பண்றே?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சார், சின்னவரே இறங்கி வந்து பெரியவர் பாணியில பேசணும்னு ஒரு உத்தரவு போடுங்களேன்."

"இதல்லவா பண்பாடு!" ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரின் அமைப்பில், பழைய முறையையும் ஏற்றுக்கொள் என்று அவள் ஒரே ஒரு வரி சேர்த்தாள். இணைப்பு வந்தது, வால்வு திறந்தது. மேலதிகாரிக்குப் பாராட்டு விழாவும் முடிவானது.

சாயங்காலம் அவள் குடத்தோடு தெருக்குழாய்க்கு ஓடினாள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் புரோட்டோகால் பார்த்ததால்தான் தண்ணீர் வந்தது என்ற செய்தி அதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

"வயசுல மூத்தவன் நான். என் குடம்தான் முதல்ல" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார்.

"வயசு என்னங்க வயசு? பதவியப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் சூப்பிரண்டு!" என்று ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

கம்ப்யூட்டர்காரம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். 'அட மூடர்களா, இது அந்தப் புரோட்டோகால் இல்லை' என்று எடுத்துச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தார்கள்.

"தண்ணியக் கொண்டுவந்தவளே நான்! எனக்கப்புறம்தான் எவரும்!"

யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் யாரையும் கேட்காமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் விடும் நேரம் முடிந்ததும் நின்றது. எல்லோரும் காலிக் குடத்தோடு, கௌரவம் ஒரு சொட்டும் சிந்தாமல் வீடு திரும்பினார்கள்.