தவக்காலத்து உருளைக்கிழங்கு

இந்தத் தவக்காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். சாவதற்குள் அந்த உருளைக்கிழங்கை இன்னொரு தடவை தின்றுவிட வேண்டும்.

எந்த உருளைக்கிழங்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நடுவில் பேசாதீர்கள்.

என் பெயர் மரியஜான். கடியப்பட்டணம். கடலில் போய் வந்தவன். இப்போது முட்டி போய், சுகர் வந்து, வீட்டில் கிடக்கிறேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. இறைச்சியை விடுவது எல்லாருக்கும் உள்ளது. மீனையும் விடுவது எங்கள் அப்பன் ஏற்படுத்திய ஒறுத்தல். ஏசுநாதரே மீன் தின்றவர்தானே என்று ஒருமுறை சாமியாரிடம் கேட்டேன். "அதைச் சமைத்தும் கொடுத்தார். நீ என்றைக்காவது சமைத்திருக்கிறாயா?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணமாகி வந்த முதல் தவக்காலம். என் பெண்டாட்டி விக்டோரியா பேச்சிப்பாறைப் பக்கத்துப் பெண். சீதனத்தோடு ஒரு விரிசல் பானையில் ஓமவல்லிச் செடியும் கொண்டுவந்தாள். சளிக்குக் கஷாயம் போடுவோமே, அந்த இலைதான். கடற்கரைப் பெண்டுகள் கூடி நின்று சிரித்தார்கள். "மலையில இருந்து மருந்துக்கடை வந்திருக்கு" என்றார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை. கடலில் இருந்து வந்து வலையைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன். முற்றத்திலேயே மணம். ஓமவல்லி மணம். அதற்கு அடியில் வேறு ஒரு மணம். என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கஞ்சி ஊற்றினாள். பக்கத்தில் உருளைக்கிழங்கு வைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சட்டியை வழித்துத் தின்றேன். அப்போது அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே கிடக்கும். எனக்கும் முடி இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ தவக்காலம். எத்தனையோ உருளைக்கிழங்கு. அந்த ருசி திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

"ஏட்டி, கிழங்கு முந்தி மாதிரி இல்ல."

"நீங்களும் முந்தி மாதிரி இல்ல. கஞ்சியைக் குடிங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டாக்டர் வந்து விழுந்தார். கிழங்கை நிறுத்து என்றார். அவர் சொன்னது எனக்கு. விக்டோரியா நிறுத்தியது வீட்டுக்கே. வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்கு இப்போது சிறுபயறு. போன வெள்ளியும் சிறுபயறு. அதற்கு முந்தின வெள்ளியும் சிறுபயறு. புறாவுக்குக்கூட இடையில் வேறு தீனி கிடைக்கும்.

ஆகவே நானே சமைப்பது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ஜெபம் வாசிப்பவள் விக்டோரியா. மைக் அவள் கையில். கோயில் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது. அவள் வாசிப்பது எங்கள் அடுக்களை வரைக்கும் கேட்கும். புரிகிறதா? அவள் குரல் குழாயில் இருக்கும்வரை அவள் கோயிலில் இருக்கிறாள். பதினாலு ஸ்தலம் முடியும்வரை அடுக்களை எனக்குச் சொந்தம். இதைவிட நல்ல கடிகாரம் எவன் வீட்டில் இருக்கிறது?

முட்டி வலி என்று சொன்னேன். ஸ்தலத்துக்கு ஸ்தலம் முழங்காலில் நிற்க முடியாது என்றேன். "ஆமா, பாவம். படுத்துக் கிடங்க" என்றாள். போனாள்.

முதல் வெள்ளி. ஆன்ட்ரூஸ் கடையில் வாங்கி வலைமூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கிழங்கை எடுத்தேன். தேங்காயெண்ணெய், சின்ன உள்ளி, நல்லமிளகு. ஓமவல்லியை எண்ணெயிலேயே போட்டேன். கஷாயம் குடித்த மாதிரி இருந்தது. தின்றேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். படுத்தேன்.

இரண்டாம் வெள்ளி. இலையைக் கடைசியில் போட்டேன். கிழங்கு பொன்னாக வெந்தது. படம் எடுத்து மாட்டலாம். ஆனால் அது இல்லை. அந்த மணத்துக்கு அடியில் இருந்த மணம் இல்லை. அதையும் தின்றேன்.

அன்றைக்கு ராத்திரி விக்டோரியா கேட்டாள்.

"ஓமவல்லிச் செடி என்ன, தலை மொட்டையா நிக்குது?"

"எனக்குச் சளி. கஷாயம் போட்டேன்."

"நீங்களா? கஷாயம்?"

"ஏன், வெள்ளம் கொதிக்க வைக்க எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும். உங்களுக்க வாயில தேங்காயெண்ண மணக்குதே, அதான் கேட்டேன்."

"நெஞ்சில தடவினேன்."

"நல்லது" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. விட்டது சனி என்று நினைத்தேன். கடலும் அப்படித்தான், சும்மா கிடந்தால் நம்பக்கூடாது. இது தெரிந்தே நம்பினேன்.

மூன்றாம் வெள்ளி. அவள் கறுப்புச் சேலை கட்டிப் போனாள். குழாய் கரகரத்தது. பாட்டு. பிறகு அவள் குரல். "முதலாம் ஸ்தலம்." நான் எழுந்தேன்.

இரண்டாம் ஸ்தலத்தில் தோல் சீவினேன். மூன்றில் கிழங்கு எண்ணெயில் விழுந்தது. சட்டியை மூடினேன். குழாயில் அவள் குரல் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. நானும் ஜெபம் சொன்னேன். கையில் அகப்பை இருந்தாலும் பக்தி இல்லாமல் போகுமா?

"நான்காம் ஸ்தலம்" என்றது குழாய்.

"உப்பு போட்டியளா?" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

இரண்டும் ஒரே குரல்.

கோயிலைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். புறவாசல் நடையில் விக்டோரியா. கறுப்புச் சேலை. குழாயிலும் விக்டோரியா. மும்முரமாக ஜெபம்.

"ஏட்டி, நீ இஞ்ச நிக்கே. அங்க வாசிக்கது யாரு?"

"நான்தான்."

"அப்ப இஞ்ச நிக்கது?"

"அதுவும் நான்தான். போன வெள்ளி வாசிச்சதை, கோயில்ல பாட்டு பாடுத பிள்ளை ஜெஸ்பின் போன்ல பிடிச்சு வச்சிருந்தா. தொண்டை சரியில்ல மக்கா, இன்னைக்கு அதைப் போட்டிருன்னேன். போட்டுட்டா."

"கோயில் காரியத்தில கள்ளத்தனமா?"

"முட்டி வலின்னு சொன்னது என்ன காரியம்? வாற வழியில ஆன்ட்ரூஸைப் பாத்தேன். 'சேட்டனுக்கு கிழங்கு நல்லா இருந்ததா'ன்னு கேக்கான். நான் நாளைக்கு சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன். நீங்களும் கூட வாங்க. சேர்ந்தே சொல்லிருவோம்."

"ஒரு வாய்க் கிழங்குக்கு இவ்வளவு விசாரணையா?"

"கிழங்குக்கு இல்ல. மூணு வெள்ளியா செய்யுதிய. எனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சியளா?"

நான் எதிர்பார்த்த கேள்வி இதுவல்ல. சுகரைப் பற்றிக் கேட்பாள், அதனால் போகும் கால் விரலைப் பற்றிக் கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"நீதான் கிழங்கே வேண்டாம்னு..."

"டாக்டர் என்னையா வேண்டாம்னு சொன்னாரு? உங்க முன்னால நான் தின்னா உங்களுக்கும் தின்னணும்னு கொதி வரும்னு நானும் விட்டேன். எனக்கு சுகர் உண்டா? பிரஷர் உண்டா? கல்லைத் தின்னாலும் செரிக்கும். எத்தனை வருஷமா உங்க கூட இருந்து பயறு தின்னுதேன். நீங்க என்னடான்னா..."

சட்டென்று மூக்கைச் சுளித்தாள்.

"கருகுது! கருகுது!"

பாய்ந்து மூடியைத் தூக்கினேன். புகை. கிழங்கு அடியில் கறுத்துப் பிடித்திருந்தது. தீயை அணைத்தேன். மூன்று வெள்ளிக்கிழமை உழைப்பு. என் முகம் எப்படி இருந்ததோ, விக்டோரியா என்னைத் தள்ளிவிட்டு அகப்பையை வாங்கினாள். நான் பறித்து வைத்திருந்த ஓமவல்லியை இரண்டு கையாலும் கசக்கினாள். சட்டியில் போட்டாள். அடியைச் சுரண்டிப் புரட்டினாள். ஒரு நிமிஷம் மூடினாள். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

மூடியைத் திறந்தாள்.

ஓமவல்லி மணம். அதற்கு அடியில் அந்த மணம். வலையைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறேன். முற்றத்தில் நிற்கிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். முடி இடுப்புக்குக் கீழே.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். சூட்டில் நாக்கு பொள்ளியது. பொள்ளட்டும்.

"ஏட்டி! இதுதான்! இதுதான் அது!"

"எது?"

"முதல் தவக்காலத்துக் கிழங்கு. நீ வச்சது. அதே ருசி!"

அவளும் ஒரு துண்டைத் தின்றாள். மென்றாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. சிரிக்கிறாள். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

"அன்னைக்கும் கருகிட்டு" என்றாள்.

"என்னது?"

"எங்க வீட்டில விறகு அடுப்பு. இஞ்ச வந்தா மண்ணெண்ணெய் ஸ்டவ். தீயைக் குறைக்கத் தெரியல்ல. அடி பிடிச்சிட்டு. புதுப்பெண்ணு கரிச்சிட்டான்னு உங்கம்மை ஊரெல்லாம் சொல்லுவாளேன்னு பயம். கருகல் மணம் தெரியாம இருக்க ஒரு கை ஓமவல்லியைக் கசக்கிப் போட்டு மூடினேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எப்ப அடி விழும்னு. நீங்க என்னடான்னா சட்டியை வழிக்கிய!"

"அப்ப அதுக்குப் பிறகு வச்சது?"

"பிறகு தீயைப் பழகிட்டேன். ஒழுங்கா வச்சேன். அதனாலதான் உங்களுக்குப் பிடிக்கல்ல."

"இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லல்ல?"

"நீங்க 'முந்தி மாதிரி இல்ல, முந்தி மாதிரி இல்ல'ன்னு ஏங்குனிய. எனக்க சமையலை நினைச்சு ஒரு மனுஷன் ஏங்குதான். அதைக் கருகல்னு சொல்லிக் கெடுக்க நான் என்ன கிறுக்கியா?"

வெளியே குழாயில் பாட்டு கேட்டது. வாலிபத்தின் மணம் என்று இத்தனை காலம் நான் நினைத்துக்கொண்டிருந்தது அடிப்பிடித்த மணம். பரவாயில்லை. மணம் மணம்தான். தட்டை எடுத்தேன்.

அவள் அந்தத் தட்டை என் கையில் இருந்து வாங்கினாள். சட்டியில் இருந்ததை எல்லாம் அதில் தட்டினாள். முற்றத்துப் படியில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எனக்கு?"

"ருசி பாத்தாச்சுல்லா? சாவதுக்குள்ள ஒரு தடவைன்னு தூக்கத்தில புலம்பினிய. ஒரு தடவை ஆச்சு. உங்களுக்கு சுகர். இது எனக்கு."

ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். அவசரமே இல்லை. கருகிய துண்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துத் தின்றாள். காற்றில் அவளுடைய நரைமுடி பறந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அங்க என்ன பார்வை?" என்றாள், வாய் நிறைய. "கரிப்பிடிச்ச சட்டி காஞ்சா போகாது. தேங்காய்ச் சவுரி நாரு புறவாசல்ல கிடக்கு, எடுத்துத் தேய்ங்க."

தேய்த்தேன்.