எவருக்கும் நிரந்தர இழப்பு இல்லை

மதிப்பும் மரியாதையும், இம்முறை கொஞ்சம் பயமும் கலந்து, என் மனைவியின் அண்ணனும் அரசு ஊழியர் சங்கச் செயலாளருமான மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கையும் சுகம், நானும் சுகம். ஆனால் தனித்தனியாகச் சுகம். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், இருபத்துமூன்று நாட்களாக அவள் என்னோடு பேசுவதில்லை, நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டதைத் தவிர. காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து பக்கத்தில் யாரும் இல்லாதபோது படிக்கவும். உட்கார்ந்து படிக்கவும். படித்து முடித்ததும் கிழித்துவிடவும்.

ஊழியர்களுக்கு வாக்களித்த சம்பள உயர்வை ஓராண்டு ஒத்திவைக்கலாம் என்று அமைச்சர் சட்டசபையில் ஒரு குறிப்பைப் படித்தாரே, பத்திரிகைகள் அதைக் கட்டம் கட்டிப் போட்டனவே, அதை எழுதியவன் நான். "இத எழுதினவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், அவன் பேனாவப் புடுங்கி அவன் காதுலயே சொருகுறேன்" என்று நீங்கள் மைக்கில் சொன்னதையும் கேட்டேன். உங்கள் தங்கை அந்த வீடியோவை நான் சாப்பிடும்போது மூன்று முறை போட்டாள். மூன்றாவது முறை சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மச்சான், அவசரப்படாதீர்கள். நிதித்துறையில் எங்கள் பிரிவின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. எந்த விஷயமானாலும் செய்யலாம் என்று ஒரு குறிப்பு, செய்யக் கூடாது என்று ஒரு குறிப்பு, இரண்டையும் ஒரே ஆள்தான் எழுத வேண்டும். மேலே இருப்பவர்கள் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கோப்பு என்னிடம் வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது, ஏனென்றால் நானும் சம்பளம் வாங்குகிறவன், என் மனைவியும் அரசு மருத்துவமனையில் நர்ஸ், மைத்துனரோ சங்கச் செயலாளர். சொந்தக்காரர்களுக்காக எழுதிவிட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று, எனக்குப் பிடிக்காத பக்கத்துக்குத்தான் முழு மூச்சையும் கொடுத்தேன். காலையில் தலை தெளிவாக இருந்த மூன்று மணி நேரமும் "ஒத்திவைக்கலாம்" என்பதற்கே போயிற்று. "வாக்களித்தபடி கொடுக்கலாம்" என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன். சாப்பாட்டுக்குப் பிறகு என் நிலைமை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக் கல்யாணங்களில் பார்த்திருக்கிறீர்கள். நான்கு வரி வந்தது. அதில் ஒரு வரி முடியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கஜானா காலி என்பது பொய் என்று நீங்கள் மேடையில் சொல்கிறீர்கள். பொய் இல்லை, மச்சான். நான் பார்த்தேன். வெள்ளத்தில் போன இரண்டு பாலங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, பள்ளிக்கூடக் கூரைகளுக்கு வைத்திருந்ததை எடுத்து மருந்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. பாலத்தை நினைத்துக்கொண்டே எழுதினேன். "ஒத்திவைப்பு மறுப்பு ஆகாது" என்று ஒரு வரி விழுந்தது. சேரை விட்டு எழுந்து நின்று அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன். அந்த வேகத்திலேயே அடுத்த வரியும் விழுந்தது: "இந்த ஓராண்டுத் தாமதத்தால் எவருக்கும் நிரந்தர இழப்பு இல்லை." குடியைக் கெடுத்தது அந்த வரிதான்.

மூன்றாம் தேதி பத்திரிகையில் வந்தது. நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. நானே பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுபத்திரண்டு படியும் ஏறி வீட்டுக்கு வந்து, "இந்தக் கட்டத்துல இருக்கறத யார் எழுதினதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றேன். முப்பத்துமூன்று வருடம் ஒரு மனுஷன் எழுதியதை மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனால், ஒரு நாளாவது பெண்டாட்டியிடம் சொல்லத் தோன்றாதா? அவள் அப்போதுதான் வார்டிலிருந்து வந்து, வீங்கிய காலை நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தாள். வாங்கி மெதுவாகப் படித்தாள். அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

"நான் எப்ப ரிட்டயர் ஆகறேன்?"

"வர்ற நாலாவது மாசம்" என்றேன்.

"சம்பளம் எப்ப ஏறும்?"

"அடுத்த வருஷம்..."

சொல்லும்போதே, மாதங்களை எண்ணி மடித்த என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. கடைசி மாதச் சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன். பழைய சம்பளத்தில் ஓய்வு பெற்றால் சாகும்வரை பழைய கணக்கில்தான் பென்ஷன். இதற்கிடையில் ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தாமதம் என்ற பேச்சே கிடையாது. அவர்களுக்கு மொத்தமாகப் போய்விட்டது. இது நிதித்துறையில் கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அவள் பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தாள். அதோடு பேச்சு நின்றது.

தரைத்தள வீடு தேடும் விஷயம் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறாள். அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து, ஓய்வு பெற்றதும் வருகிறோம் என்று சொல்லியும் வைத்திருக்கிறாள். அந்த வாடகைக்கும் இந்த வாடகைக்கும் உள்ள வித்தியாசம்தான் கூடுதலாக வர வேண்டிய அந்தப் பென்ஷன். அந்த வீட்டுச் சொந்தக்காரி நல்லவள், நாலு மாதம் காத்திருப்பாள். ஜன்னலுக்குத் திரைகூட அளவெடுத்தாகிவிட்டது.

பேச்சு நின்றதே தவிர, எழுத்து நிற்கவில்லை. மறுநாள் காலை டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு: "டீ கேட்டுத் தாங்கள் வைத்த கோரிக்கை நியாயமானது. கொள்கை அளவில் ஏற்கப்படுகிறது. நிலைமை சீரடைந்ததும் வழங்கப்படும்." டம்ளர் காலி. அடுத்த நாள், "சட்டைக்குப் பட்டன் தைப்பது ஓராண்டு ஒத்திவைக்கப்படுகிறது. இதனால் எவருக்கும் நிரந்தர இழப்பு இல்லை." தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நடை அற்புதம். நர்ஸ் வேலைக்குப் போகாமல் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். ஒரு சீட்டில் மட்டும் ஒரு கமா இடம் மாறியிருந்தது. சும்மா இருக்காமல் சிவப்பு மையால் திருத்தி வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடும் ஒத்திவைக்கப்பட்டது.

நடுவில் ஒரு நாள் நல்ல சகுனம் தெரிந்தது. ஒத்திவைப்பை எதிர்த்து ஊழியர்கள் போடும் மனுக்களெல்லாம் என் மேசைக்குத்தான் வருகின்றன. முன்பக்கத்தில் எண் மட்டும் இருக்கும், பெயரும் விஷயமும் பின்பக்கத்தில். ஆள் பார்த்து முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் பிரிவு செய்திருக்கும் ஏற்பாடு. பதினான்காம் தேதி, மருத்துவமனைகளிலிருந்து வந்த நாற்பது மனுக்களைச் சாப்பாட்டு மணிக்குள் முடித்தேன். "ஏற்கெனவே முடிவான பொருள், ஏற்பதற்கில்லை" என்று ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பொதுவாகச் சுவரைப் பார்த்து, "இன்னிக்கு ஆஸ்பத்திரி மனு நாப்பதும் முடிச்சாச்சு" என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாப்பதையும் படிச்சீங்களா?"

மச்சான், பதினொரு நாள் கழித்து அவள் குரல்! எனக்கு இருந்த சந்தோஷத்தில், "பின்ன? ஒரு எழுத்து விடாம" என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான். ஆனாலும் என் வேலையைப் பற்றி விசாரித்தாளே, கோபம் கரையத் தொடங்கிவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, நேற்று எங்கள் பிரிவு அதிகாரியிடம் போனேன். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"சார், குறிப்புல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தப்பா? சபையில மேசையத் தட்டினாங்களேய்யா!"

"அந்த நிரந்தர இழப்பு வரி, சார். நடுவுல ரிட்டயர் ஆகறவங்கள நான் மறந்துட்டேன். ரெண்டாயிரத்துக்கு மேல இருக்காங்க. அதுல ஒருத்தி என் வீட்டுல இருக்கா."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சத்தமா சொல்லாத. விதியில ஒரு வழி இருக்கு. ரிட்டயர் ஆகப்போறோம்னு காரணம் காட்டி, இந்த முப்பதாம் தேதிக்குள்ள மனு குடுக்கறவங்களுக்குத் தனியா விலக்கு தரலாம். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சு எல்லாரும் வந்து நின்னா நானும் நீயும் தெருவுலதான். உன் வீட்டு மனுவ மட்டும் கொண்டா, நீயே குறிப்பு போடு, நான் கையெழுத்து போடறேன். ஆனா ஒண்ணு. ஒரு ஆளுக்கு ஒரு மனுதான். தள்ளிட்டா தள்ளினதுதான், மறுபடி எடுக்க முடியாது. பாத்து எழுதச் சொல்லு."

"சொல்றேன், சார்."

"ஆகட்டும்."

இப்போது நான் உங்களிடம் கையேந்துவது இதற்குத்தான். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், பேசினால்தானே கேட்பதற்கு. அண்ணன் சொன்னால் தட்ட மாட்டாள். போனில் கூப்பிட்டு, எப்படியாவது முப்பதாம் தேதிக்குள் ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது என் மேசைக்கு வந்ததும் ஒரு எழுத்து விடாமல் படித்து, என் வாழ்நாளில் எழுதாத ஒரு குறிப்பு எழுதுவேன். காலையில் எழுதுவேன். சாப்பாட்டுக்கு முன்னால் எழுதுவேன். விலக்கு விஷயம் மட்டும் சங்கத்துக்குத் தெரிய வேண்டாம். இரண்டாயிரம் பேருக்கும் வழி சொல்ல வேண்டியது நியாயம்தான், எனக்குத் தெரிகிறது. ஆனால் எனக்கு இன்னும் இரண்டு வருட வேலை இருக்கிறது, மச்சான். இந்த ஒரு முறை நீங்கள் செயலாளராக இல்லாமல் அண்ணனாக மட்டும் இருங்கள்.

கொடுக்கவே மாட்டேன் என்கிறவனோடு சண்டை போடலாம். அப்புறம் தருகிறேன் என்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த அப்புறத்தை எழுதிக் கொடுத்துதான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. இனி எந்த மனுவையும் பின்பக்கம் திருப்பாமல் முடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரிய வேலைக்குப் போய், எங்கள் பிரிவுக்கு மட்டும் வராமல் நீடூழி வாழட்டும்.

தங்கள் அன்புக்கு இன்னும் அருகதை உண்டென நம்பும்,
தங்கை வீட்டுக்காரர்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தங்கை வேலையிலிருந்து வந்துவிட்டாள். உங்கள் முகவரியைப் பார்த்ததும் கையை நீட்டினாள், கொடுத்துவிட்டேன். மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் நின்றபடியே முழுவதும் படித்தாள். உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். என் ஸ்டாம்ப். என் சுருக்கொப்பம். தேதி பதினான்கு. நான் அதைப் பின்பக்கம் திருப்பினேன். அவள் பெயர் இருந்தது.

பக்கம் நிறைய எழுத்து. நாலாவது மாதம் ஓய்வு பெறுவதாக முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாள். படிகளின் எண்ணிக்கையைக்கூட எழுதியிருக்கிறாள். ஒரு கமா தப்பில்லை, மச்சான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்க மேசைக்குத்தான் வரும்னு தெரியும். படிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் டீ போட்டு எடுத்து வந்தாள். டம்ளருக்கு அடியில் சீட்டு இல்லை. என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.

ஆகையால் மேலே கேட்டுக்கொண்டபடி நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அவளுக்குப் போன் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம். தபாலில் போட்டால் தேதி தாண்டிவிடும் என்பதால் உங்கள் ஊர் பஸ் டிரைவரிடம் இன்றைக்கே கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கே மேடை போட்டு, மைக்கில் முதல் எழுத்திலிருந்து படியுங்கள். மனு போடாதவர்களுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஓய்வு பெறும் மாதத்தை முன்பக்கத்திலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று கேட்டால் சொல்லிவிடுங்கள்.

காதில் பேனா சொருகும் வேலையை முப்பதாம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வீடு தெரியும் அல்லவா, மூன்றாவது மாடி, எழுபத்திரண்டு படி. இனிமேலும் அதே வீடுதான்.