ஆமை சிங்காரம் என்கிற சேவலின் விடுதலை

ஒரு காட்டில் காலை பத்து மணிக்கு மேல்தான் விடியலாம் என்று சட்டம் இருந்தது. சூரியன் அதற்கு முன்பே வருவது உண்டுதான். அது சூரியனின் சொந்தப் பொறுப்பு. காட்டு ராஜாவான புலி கண் விழிக்கும் நேரம் பத்து. அதற்கு முன் விடிந்துவிட்டதாக யார் சொன்னாலும் வதந்தி பரப்பிய குற்றம்.

செவத்தையா என்ற காட்டுச்சேவல் சட்டம் கிட்டம் படித்தவரில்லை. ஐந்தரைக்குக் கூவிவிட்டார். ஆறு மணிக்கெல்லாம் செந்நாய் ஏட்டு வந்து அவரைக் குகைக்குக் கொண்டுபோய்விட்டார். "இருபதாம் நாள் ராஜாவுக்குப் பிறந்தநாள். குழம்புக்கு ஆச்சு" என்று போகிற போக்கில் ஒரு தகவலும் சொல்லிவிட்டுப் போனார்.

செவத்தையாவின் மனைவி பவளக்கொடி மூன்று நாள் குகை வாசலில் நின்று பார்த்தாள். நான்காம் நாள் அவளைத் தேடி ஓர் அலுங்கு வந்தது. அலுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் ஓடு ஓடாக இருக்குமே, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அதுதான். பெயர் ஞானசிகாமணி. 'நாலுகால் உரிமைக் கழகம்' என்ற அமைப்பின் கள ஆய்வாளர். கழுத்தில் அட்டை, தோளில் ஜோல்னாப் பை. இரண்டு கால் கோழிக்கு நாலுகால் கழகம் எதற்கு என்று கேட்காதீர்கள். இறக்கையையும் கால் கணக்கில் சேர்க்கலாம் என்று போன வருஷம்தான் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

"வணக்கம் தோழர். நடந்ததை உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இந்த ஒப்புதல் படிவத்துல ஒரு கீறல் போடுங்க."

பவளக்கொடி கீறினாள். பதினொரு இடத்தில்.

"எங்க வீட்டுக்காரர் கூவினாரு. பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பிறந்தநாளுக்குக் குழம்பு வைக்கப் போறாங்க. எப்படியாவது வெளிய எடுத்துக் குடுங்க சார்."

"கூவும்போது அவருடைய மனநிலை எப்படி இருந்தது?"

"பசியா இருந்தாரு."

"உறவுக்காரங்க இல்லாத ரெண்டு சாட்சி வேணுமே."

"கூவினது காடு முழுக்கக் கேட்டுச்சே சார்."

"கேட்டது சரி தோழர். பார்த்தது யாரு?"

பார்த்தது ஒரு மரவட்டையும் ஒரு நத்தையும். மரவட்டை எல்லாக் காலிலும் மை தடவி ரேகை வைத்து முடிக்க இரண்டு நாள். நத்தை நேர்காணலுக்கு வந்து சேர நாலு நாள். மனுஷன் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஞானசிகாமணி சரியாகச் சாப்பிடாமல், கறையான் புற்றைக் கண்டாலும் நிற்காமல் அலைந்து, பதினைந்தாம் நாள் எண்பது பக்க அறிக்கையைக் கொண்டுவந்துவிட்டார். வழவழ அட்டை. அட்டையில் யாரோ ஒருவருடைய ஈரமான கண்.

பவளக்கொடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'விடியலை அறிவித்த குற்றத்துக்காக ஆமை சிங்காரம் கைது செய்யப்பட்டுக் குகையில் அடைக்கப்பட்டார்.' அடியில் பொடி எழுத்தில்: 'பாதுகாப்புக் கருதிப் பெயரும் இனமும் மாற்றப்பட்டுள்ளன.'

"ஆமை யாரு சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான். அசல் பெயரைப் போட்டா அவருக்கு ஆபத்து வந்திடும் பாருங்க."

"அவரு குகைக்குள்ள குழம்புக்காகக் காத்துட்டு இருக்காரு. அதுக்கு மேல என்ன சார் ஆபத்து?"

"நல்ல கேள்வி தோழர்" என்று ஞானசிகாமணி அதைக் குறித்துக்கொண்டார்.

அறிக்கை பக்கத்துக் காட்டுச் சிங்கத்தின் கைக்குப் போனது. சிங்கம் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புலிக்குச் சொல்லியனுப்பியது: "அந்த ஆமையை விடுங்க. இல்லைன்னா நான் பிறந்தநாளுக்கு வரலை." சிங்கம் வராத பிறந்தநாள் பிறந்தநாளா? ஆமை சிங்காரத்தை உடனே விடுதலை செய்ய ராஜா கையெழுத்துப் போட்டார்.

செந்நாய் ஏட்டு குகை முழுக்கத் தேடினார். ஆமையே இல்லை. இல்லாத ஆளை எப்படி விடுவது? முறைப்படி விட வேண்டுமென்றால் முதலில் பிடிக்க வேண்டும். குளக்கரையில் சிங்காரம் என்று ஓர் ஆமை இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. போய் அள்ளி வந்தார்.

"நான் என்னய்யா பண்ணினேன்?" என்றது ஆமை.

"ஒண்ணும் பண்ணலை பெரியவரே. உங்களை விடுதலை பண்ணத்தான் கைது பண்றோம். ஒத்துழைப்புக் குடுங்க."

மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். குகையிலிருந்து ஆமை நடந்து வெளியே வரவே ஒன்றரை நாள் ஆனது. கூடியிருந்தவர்கள் அதைச் சிறையில் பட்ட சித்திரவதையின் விளைவு என்று எடுத்துக்கொண்டார்கள். கழகம் 'எங்கள் அறிக்கையின் வெற்றி' என்று சுவரொட்டி ஒட்டியது. ஆமை 'என் சிறை அனுபவங்கள்' என்று பேசக் கிளம்பியது. ஒரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த கூட்டத்துக்கும் நேரமாகிவிடும், அவ்வளவு கிராக்கி.

பத்தொன்பதாம் நாள் பவளக்கொடி கழக அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அறிக்கையில இருக்கிற ஆமை எங்க வீட்டுக்காரர்தான்னு ஏட்டய்யாகிட்ட சொல்லுங்க."

"சாட்சியோட அடையாளத்தை வெளியிடக் கூடாது தோழர். எங்க கொள்கை."

"நானேதான சார் வெளியிடச் சொல்றேன்?"

"நீங்க யாருன்னு நான் சொல்ல முடியாதே" என்றார் ஞானசிகாமணி. அவள் இன்னும் கிட்டே வந்ததும் பந்தாகச் சுருண்டுகொண்டார். பந்துக்குள்ளிருந்து, "ஒப்புதல் படிவம், ஆறாவது பத்தி" என்று மட்டும் கேட்டது.

பந்தோடு என்ன பேசுவது? பவளக்கொடி நேரே பெயர் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கொக்கு குமாஸ்தா ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தார்.

"பேரு மாத்தணும்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. செவத்தையாங்கிறதை சிங்காரம்னு."

"காரணம்?"

"எண் கணிதம். பழைய பேரு ராசியில்லை."

"அது வாஸ்தவம்தான்" என்று கொக்கு எழுதிக்கொண்டார். "இனம்னு ஒரு கட்டம் இருக்கு."

"ஆமை."

கொக்கு இன்னொரு காலையும் கீழே வைத்தார். "ஏம்மா, கொண்டையோட திரியுற ஆளை ஆமைன்னா எப்படி?"

அவள் அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். கொக்கு வழவழ அட்டையைத் தடவிப் பார்த்தார். பொடி எழுத்தைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "அச்சிலேயே வந்திருக்கா? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று முத்திரை குத்திவிட்டார்.

பிறந்தநாள் காலை. கரடி சமையல்காரர் மசாலா அரைக்கத் தொடங்கிவிட்டார். பவளக்கொடி சான்றிதழோடு குகை வாசலுக்கு வந்தாள்.

"ஏட்டய்யா, உள்ளே இருக்கிறது ஆமை சிங்காரம்."

"அவரைத்தான் விட்டாச்சே. பதிவேட்டுல முடிஞ்சுபோன விவகாரம்."

"ராஜா விடச் சொன்ன சிங்காரம் இன்னும் உள்ளேதான் இருக்காருன்னு அலுங்கு சார்கிட்டப் போய்ச் சொல்லட்டுமா? ரெண்டாவது அறிக்கைக்கு அவரு விஷயம் தேடிக்கிட்டு இருக்காரு. ராத்திரி விருந்துக்குச் சிங்கம் வேற வருதாமே."

ஏட்டு சான்றிதழைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், திரும்பவும் சான்றிதழைப் பார்த்தார். "யோவ் ஆமை, வெளிய வா" என்றார்.

விருந்தில் கரடி பூசணிக்காய்க் குழம்பு பரிமாறினார். உணவுப் பட்டியலில் 'சேவல் குழம்பு' என்றுதான் இருந்தது. அடியில் பொடி எழுத்தில்: 'பாதுகாப்புக் கருதிப் பெயர் மாற்றப்பட்டுள்ளது.' சிங்கம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டது.

செவத்தையா வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றுமுதல் ஐந்தரை மணியானால் அவருக்குத் தொண்டை அரிக்கும். "ஆமை கூவாதுங்க" என்று பவளக்கொடி இறக்கையால் அவர் வாயைப் பொத்துவாள். கூவினால் அவர் சேவல். சேவலின் தண்டனை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து ஞானசிகாமணி பதிவுக் கருவியோடு வந்தார். "விடுதலைக்கு அப்புறம் எப்படி உணர்றீங்க தோழர்?"

செவத்தையா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மெல்லத் தலையை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஞானசிகாமணி எழுதிக்கொண்டார்: 'அப்பகுதியில் அமைதி திரும்பியுள்ளது.'

நீதி: சிறைக்குப் போக உத்தேசித்திருப்பவர்கள் தங்கள் புனைபெயரை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளவும், விடுதலை அந்தப் பெயருக்குத்தான் வரும்.