பாய்லர்காரரின் கார்டியன்

"நாளைக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம்.

பாய்லர்காரர் எழுந்து நின்றார். வயது நாற்பதைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. முன்வழுக்கை. இரவெல்லாம் நெருப்பின் முன்னால் நின்று நின்று முகம் சுட்ட செங்கல் மாதிரி ஆகியிருந்தது.

"எங்கப்பா போய்ச் சேர்ந்துட்டார் மேடம்."

"அம்மா?"

"அவங்களும் அங்கதான்."

"அப்ப கார்டியன் யாராவது?"

"எங்க வீட்டுக்கே நான்தான் கார்டியன்."

வகுப்பு சிரித்தது. எல்லாம் பையன்கள், பெண்கள். அவர் மகன் வயது. மேடம் சிரிக்கவில்லை. அவரும் பாய்லர்காரரைவிட இளையவர்தான். முதல் நாள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய வகுப்பு விதிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மணி அடித்தால் கதவு சாத்தப்படும். போன் பெட்டிக்குள் போகும். சொந்தக் கையால் எழுதாத கட்டுரை செல்லாது. தூங்கினால் அன்றைக்கு வரவில்லை என்று பொருள். வருகை குறைந்தால் ரத்த சொந்தத்தில் ஒருவர் வந்து பொறுப்பேற்க வேண்டும். மாணவரின் வயது பார்க்கப்படாது.

"படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அன்னிக்கும் தூக்கம்தான் மேடம்."

அவர் வேலை பார்த்தது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில். இரவு ஷிப்ட். பகல் ஷிப்ட் சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார தொழில் பாதுகாப்பில் டிப்ளமோ வேண்டும் என்றது நிர்வாகம். இந்த வருடம் பாஸ் செய்தால் நாற்காலி அவருக்கு. இல்லையென்றால் மேனேஜரின் மச்சானுக்கு. மச்சானுக்கு பாய்லர் எந்தப் பக்கம் சூடாக இருக்கும் என்றுகூடத் தெரியாது.

அதனால்தான் விடியும்வரை நெருப்பைக் கட்டி மேய்த்துவிட்டு, முகத்தைக் கழுவி, நேராக வகுப்புக்கு வந்து தூங்கினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ரத்த சொந்தம்தான் வரணுமாமா? நல்லதாப் போச்சு. நான் வந்திருந்தா அந்தம்மா பக்கம்தான் பேசியிருப்பேன்."

"யாரும் வர வேணாம். நாப்பது வயசுக்கு மேல ஒருத்தனை அப்பாவைக் கூட்டிட்டு வான்னா என்ன அர்த்தம்? அந்த விதியையே நாறடிக்கிறேன் பாரு."

உள்ளறையில் மகன் கண்ணாடி முன் நின்று மீசையைத் தேடிக்கொண்டிருந்தான். வேறொரு கல்லூரியில் இரண்டாம் வருடம். பாய்லர்காரருக்குப் பொறி தட்டியது. இவனைக் கொண்டுபோய் கார்டியன் என்று நிறுத்தினால் மேடம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

"டேய், நாளைக்கு என் காலேஜுக்கு வர்றே. சும்மா வந்து நில்லு. வாயைத் திறக்காதே."

மகன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மேடம் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. பாய்லர்காரர் அதை இழுத்தார்.

"கார்டியன் உக்காரட்டும்" என்றார் மேடம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மகன் உட்கார்ந்தான். நாற்காலி நுனியில், கை கட்டி, பணிவாக. "சொல்லுங்க மேடம். என்ன பண்ணார்?"

"வகுப்புல தூங்கறார்."

"வீட்லயும் அதே கதைதான் மேடம். நல்ல மூளை. ஆனா உக்காந்து படிக்க மாட்டேங்கறார். சொன்னா எதிர்த்துப் பேசறார். சகவாசமும் சரியில்லை."

"யாருடா சகவாசம்?"

"யூனியன் செயலாளர் ஒருத்தர் இருக்கார் மேடம்" என்றான் மகன், அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல்.

"டேய்..."

"குறுக்கே பேசாதீங்க" என்றார் மேடம் பாய்லர்காரரிடம். "நாங்க பேசிட்டிருக்கோம்ல?"

வெளியே வந்ததும் பாய்லர்காரர் மகனின் சட்டைக் காலரைப் பிடித்தார். "என்னடா அப்படிப் பேசினே?"

"கார்டியன்னா அப்படித்தாம்பா பேசுவாங்க. நீங்க என்னைப் பத்தி மாமாகிட்ட பேசுவீங்களே, அதையேதான் சொன்னேன்."

அன்று முதல் வீட்டில் ஆட்சி மாறியது. மகன் டிவி ரிமோட்டைப் பூட்டி வைத்தான். சாப்பிட்டதும் புத்தகம். தூங்கி எழுந்ததும் புத்தகம். பாய்லர்காரர் மனைவியிடம் முறையிட்டார்.

"கார்டியன் சொல்றதைக் கேளுங்க" என்றாள் அவள். பல வருடமாகக் காணாத மலர்ச்சி அவள் முகத்தில்.

பாய்லர்காரர் அடங்கவில்லை. மறுநாள் வகுப்பில் பெஞ்சில் உட்கார மறுத்தார்.

"உக்காந்தாத்தானே தூக்கம்? நிக்கறேன். நிக்கக் கூடாதுன்னு விதியில இருக்கா?"

இல்லை. மேடம் இரண்டு முறை படித்துப் பார்த்தார். இல்லை.

பின்சுவரில் சாய்ந்து நின்றார். நின்றுகொண்டே தூங்குவது பாய்லர் வேலையில் முதலில் கைவருகிற வித்தை என்பது மேடத்துக்குத் தெரியாது. அவருக்கே அது மறந்துபோயிருந்தது. பாடம் பாதியில் இருக்கும்போது மெதுவாகச் சரிந்தார். பிடிக்க எதுவும் கிடைக்காமல் சுவரில் தொங்கிய படத்தைப் பிடித்தார். படத்தோடு கடைசி பெஞ்ச் பையன் மடியில் விழுந்தார். 'பணியிடத்தில் விழுவதைத் தவிர்ப்போம்' என்ற தலைப்போடு படம் இரண்டாகக் கிழிந்தது.

"பணியிடத்தில் விழிப்பு. இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க" என்றார் மேடம். "நல்லா எழுதினா விட்டுப்போன வருகையில கொஞ்சம் சரிபண்ணலாம்."

மேடம் கொஞ்சம் இறங்கி வந்ததுதான் அது. ஆனால் பாய்லர்காரருக்கு எழுத வராது, பேச வரும். ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் யூனியன் செயலாளரைப் பிடித்தார்.

"நான் சொல்லச் சொல்ல எழுது."

"தலைப்பு?"

"பணியிடத்தில் விழிப்பு."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். செயலாளர் அவரை எழுப்பவில்லை. தலைப்பு இருந்தது, பேனா இருந்தது, அவருக்குத் தெரிந்த வகையில் எழுதி முடித்துவிட்டார்.

மேடம் அதை வகுப்பில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு நிறுத்துவதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"'தூங்குகிறவனைத் தண்டிக்காதே. அவன் தூக்கத்தைத் திருடியது யார் என்று கேள். சாத்திய கதவு யாருக்காக? திறந்து விடு. கோரிக்கைகள் நிறைவேறும்வரை இங்கே எதுவும் இயங்காது. இப்படிக்கு, அனைவரும்.'"

கடைசி பெஞ்ச் முதலில் கை தட்டியது. பிறகு முழு வகுப்பும். மறுநாள் மணி அடித்தபோது ஒருவர்கூட உள்ளே போகவில்லை. எல்லோரும் நடையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தே இருக்க வேண்டுமாம். பாய்லர்காரர் மட்டும் எதுவும் தெரியாமல் உள்ளே போய், காலி வகுப்பில், தன் இடத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மேடம் அவரை எழுப்பினார். "தலைவரே, எந்திரிங்க. இதை நீங்கதான் எழுதினீங்களா?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பாய்லர்காரர் கதவு வழியாகப் பார்த்தார். நடையில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை வேற ஆளுது மேடம். கருத்து என்னுது."

சொந்தக் கையால் எழுதவில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. தேர்வு எழுத அனுமதி நிறுத்தப்பட்டது. மற்ற எல்லோரும் மதியமே வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கும் தேர்வு இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வருகைக் கணக்கு முடிகிற நாளன்று கார்டியன் வந்து முழுப் பொறுப்பேற்றால் மேடம் அனுமதிக்கலாம். எல்லாக் கல்லூரிகளுக்கும் அது ஒரே நாள்.

"இன்னிக்கா?" என்றான் மகன், அந்த நாள் காலையில். "இன்னிக்கு எனக்கே காலேஜ்ல கொஞ்சம் வேலை இருக்குப்பா."

"என் பரீட்சையைவிட உன் வேலை பெருசா? மேனேஜர் மச்சான் அந்த நாற்காலியில உக்காந்து காலாட்டறதை நான் பாக்கணுமா? நட."

மேடம் அறையில் மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். பாய்லர்காரர் நின்றார். இந்த முறை வாயை மூடிக்கொண்டே நின்றார். மகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இனிமேல் தூங்க மாட்டார், எதிர்த்துப் பேச மாட்டார், அந்தச் செயலாளர் வீட்டுப் பக்கமே போக மாட்டார். மேடம் பேனா மூடியைக் கழற்றினார். அனுமதிச் சீட்டின்மேல் பேனா முனை இறங்கி, நின்றது.

"ஒரு விஷயம். பொறுப்பேத்துக்கறவரும் படிக்கிற பிள்ளை. முதல்ல இவர் ஒழுங்கா காலேஜ் போறாரான்னு எனக்குத் தெரியணும்."

"அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றான் மகன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பாய்லர்காரருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த நீராவி மொத்தமும் கிளம்பியது.

"என்னை என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். என் பையனைச் சொல்லாதீங்க. அவன் காலேஜ்ல இருந்து ஒரு போன் வந்திருக்கா எனக்கு? ஒரு புகார் உண்டா? அந்தக் கட்டடம் என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியாது. அப்பனை ஒரு நாள்கூட அந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினவன் இல்லை அவன். உங்க விதியைக் கொண்டுபோய் அவன்கிட்ட காட்டுங்க. ஒண்ணுலகூட மாட்ட மாட்டான்."

"நான் தப்பாச் சொல்லலை. கேட்டுக்கறது நல்லதுன்னு..."

"கேளுங்க. இப்பவே போன் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடுங்க."

"அப்பா, வேணாம்."

"நீ சும்மா இருடா. குறுக்கே பேசாதே."

மேடம் எண்ணைத் தேடி அழைத்தார். போனை மேசைமேல் வைத்தார். மறுமுனையில் ஒரு கிளார்க் எடுத்தார். மேடம் மகனின் பெயரையும் வகுப்பையும் சொல்லி, பையன் எப்படி, வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற அளவுக்கு ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார். மகன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான். பாய்லர்காரர் அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, மேடத்தின் முகத்தையே பார்த்தார்.

"அதை ஏன் மேடம் என்கிட்ட கேக்கறீங்க?" என்றார் கிளார்க். "வாரம் தவறாம வர்ற அவங்கப்பா இதோ என் எதிர்லதான் உக்காந்திருக்கார், போனை அவர்கிட்டயே குடுக்கட்டுமா?"