காதுக்கு வைத்த பரீட்சை

இந்தத் தீபாவளி போனஸ் என் காதுக்கு!

இப்படி ஒரு முடிவை எடுத்ததோடு நிற்காமல், அதைப் பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் சொல்லவும் துணிந்தவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதுவரை வந்த போனஸ் எல்லாம் கூரைக்குப் போனது, மச்சினன் கல்யாணத்துக்குப் போனது, மச்சினன் பிள்ளை காதுகுத்துக்குப் போனது. அடுத்தவன் காதுக்கு அழுதாயிற்று. என் காது என்ன பாவம் செய்தது?

"செல்லத்தாயி, இந்த வருச போனசுல கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறேன்."

அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். குழவி நின்றது.

"அப்ப கிரைண்டரு?"

"அடுத்த வருசம்."

"போன வருசமும் இதத்தான சொன்னீக?"

"பாத்தியா, நான் சொன்ன சொல்லு மாறவே மாட்டேன்."

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன் வேலை. வாங்கி வந்த வரம், நிரந்தர ராத்திரி ஷிஃப்ட். ஊர் தூங்கும்போது முழித்திருப்பேன். ஊர் முழித்திருக்கும்போது தூங்க முயற்சி செய்வேன். அதனால் எங்கள் வீட்டில் பகலில் சத்தம் ஆகாது. குக்கர் மூச்சு வாங்கினால் போதும், விசில் வருவதற்குள் செல்லத்தாய் ஓடிப்போய் இறக்கிவிடுவாள். பால்காரர் மணியடிக்க மாட்டார், சன்னலில் வந்து கையைக் காட்டுவார். பக்கத்து வீட்டு ராஜபாளையத்து நாய் மட்டும்தான் இஷ்டத்துக்குக் குரைக்கும். அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான் போட்ட சட்டம் அதன் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கிரைண்டர் வீட்டுக்குள் வராத காரணமும் இந்தச் சட்டம்தான்.

"நான் கல்யாணமாகி வந்ததுலருந்து இந்த வீட்ல கட்டவிரல்லதான் நடக்கேன்," என்றாள். "கையால ஆட்டி ஆட்டித் தோளு எறங்கிப் போச்சு. நீங்க என்னடான்னா சத்தம் போடுததுக்குன்னே ஒரு சாமான் வாங்கப் போறீகளாக்கும்?"

"அது சத்தம் இல்லட்டி. ஒலி."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் போட்டால் ஒலி, நீ போட்டால் சத்தம் என்று சொல்ல வாய் வந்தது. குழவி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

என் ஆசையில் ஒரு நியாயம் உண்டு. வாலிபத்திலிருந்து ராத்திரி முழுக்க ஸ்பின்னிங் மிஷின்களின் இரைச்சலைத் தவிர இந்தக் காதுக்கு நான் எதையும் கொடுத்ததில்லை. சாவதற்குள் ஒரு வீணையை வீணையாகக் கேட்டுவிட வேண்டும். கம்ப்யூட்டர் பழசு, அதோடு ஓசியில் வந்த உள்ளங்கை அகல ஜோடி ஸ்பீக்கரில் வீணையும் தவிலும் ஒன்றுபோலத்தான் கேட்டன. கட்டெறும்பு கத்துகிற மாதிரி.

எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்று அறிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஷிஃப்ட் முடிந்த கையோடு, சட்டையில் பஞ்சு ஒட்டியபடி. அங்கேதான் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். உலகம் முழுக்க உள்ள ஒலிப் பைத்தியங்கள் ஒன்றுகூடி, கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பது எப்படி என்று எழுதி எழுதியே அடித்துக்கொள்ளும் சந்தைக்கடை. பாட்டுக் கேட்க அவர்களில் ஒருவனுக்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று ஒரு அப்பாவி கேட்பான். ஒருவன் பதில் சொல்வான். அடுத்தவன் வந்து, பதில் சொன்னவனுக்குக் காதே கிடையாது என்பான். இன்னொருவன், ஸ்பீக்கர் கிடக்கட்டும், உன் சவுண்ட் கார்டு என்ன ஜாதி என்பான். கார்டு கிடக்கட்டும், வயர் என்ன தடிமன் என்று வேறொருவன் வருவான். அமெரிக்காவில், ஓஹையோவில் ஒரு பல் டாக்டர், வீட்டை இடித்துக் கட்டாமல் ஸ்பீக்கர் வாங்கிப் புண்ணியமில்லை என்பார். கேட்டவன் செத்தானா, பிழைத்தானா, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்து நானாகப் படித்த இங்கிலீஷ் என்னுடையது. 'வெதுவெதுப்பான ஒலி' என்று எழுதுவார்கள். 'வறண்ட பேஸ்' என்பார்கள். பேஸ் என்றால் அடித்தொண்டை. அது எப்படி வறளும்? புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடியது. நானும் 'ராத்திரி ஷிஃப்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே குதித்தேன். சீக்கிரமே அடுத்தவனுக்குக் காது இல்லை என்று சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

வளர்ச்சியின் பலன் வீட்டில் தெரிந்தது. வயர் தரையில் படக்கூடாது என்று பின்லாந்துக்காரன் ஒருவன் எழுதினான். படவில்லை. செல்லத்தாயின் காபி டம்ளர்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, அதன் மேல் வயரை ஓட்டினேன். அன்று வந்த விருந்தாளிக்குச் சொம்பில் காபி கொடுத்தாள்.

அதன் பிறகு அந்தக் கூச்சல். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த சவுண்ட் கார்டிலிருந்து 'கீ...' என்று மெல்லிசாக ஒரு சத்தம் எந்நேரமும் வந்துகொண்டிருந்தது. குழுவில் எழுதினேன். கார்டை அடுத்த குழிக்கு மாற்று என்றார்கள். மாற்றினேன். தகரத்தால் மூடு என்றார்கள். மூடினேன். எர்த் கம்பியைக் கொல்லைவரை இழுத்து மண்ணில் அடித்தேன். கீ...

"இன்னமுமா கேக்குது?" என்றாள் செல்லத்தாய்.

"நல்லாக் கேக்குதே. ஒனக்குக் கேக்கலையா?"

"இப்பவும் கேக்குதா?"

"கேக்குதுங்கேன்!"

"பொட்டி அமந்து செத்த நேரமாச்சு. கரண்டு போயிருச்சு."

மேலே பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது. கீ... நின்றபாடில்லை. அது என் காதுக்குள்ளேயே குடியிருந்தது. வாடகை கொடுக்காமல், எத்தனை வருஷமாகவோ! குழுவுக்கு மட்டும், கார்டு சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி என்று எழுதிப்போட்டேன்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? ராஜபாளையத்தில் தெரிந்த கடைக்காரர் ஒருவர், பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று புது ஸ்பீக்கர் செட்டைத் தந்தார். சின்னதாக நாலு, பேஸுக்கென்று தனியாக ஒரு பெட்டி. பஸ்ஸில் மடியில் வைத்துப் பிள்ளையைப் போலக் கொண்டுவந்தேன்.

"இந்தப் பெரிய பொட்டி எதுக்கு?"

"அடிநாதத்துக்கு. நெஞ்சுல வந்து குத்தும்."

"தேரடி டீக்கடையில ஸ்பீக்கரப் பானை வாயில கவுத்தி வச்சிருக்காகளே, அந்த மாதிரியா?"

"ஏட்டி, இது விஞ்ஞானம். பானையாம் பானை!"

"சரி, விஞ்ஞானம். பழசுக்கும் இதுக்கும் ஒங்க காதுக்கு வித்தியாசம் தெரியுமா? கரண்டு இல்லாமயே பாட்டுக் கேக்குத காது."

இந்த இடத்தில்தான் என் வாயில் சனி உட்கார்ந்தது. குழுவில் சண்டை முற்றினால் ஒரு வழக்கம் உண்டு. திரைக்குப் பின்னால் ரெண்டு ஸ்பீக்கரையும் மறைத்து வைத்து, எது ஓடுகிறதென்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இதில் மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். இதை ஒரு பெருமையாக அவளிடம் விளக்கித் தொலைத்தேன்.

"அப்ப அதையே வச்சிருவோம்," என்றாள். "நீங்க புதுசக் கண்டுபிடிச்சிட்டா ஸ்பீக்கரு. தப்பாச் சொன்னா கிரைண்டரு. பகல்லதான் ஓட்டுவேன். நீங்க தூங்கும்போது."

மறுக்க முடியுமா? ஆண்பிள்ளை. ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. அந்த 'கீ'யை நம்பி எப்படிப் பரீட்சை எழுதுவது?

மறுநாள் காலையில் சோணைமுத்து வந்தான். மில்லில் என் ஷிஃப்ட்காரன், ஸ்பின்னிங் ஃபிட்டர். செல்லத்தாய் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சதி பேச முடியாதே. ஆனால் மில்லுக்காரனுக்குப் பாஷை ரெண்டு. வெளியே தமிழ். உள்ளே உதடு. மிஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தமே போடாமல் உதட்டை மட்டும் அசைப்போம், எதிராளி படித்துக்கொள்வான். போர்மேனைத் திட்டுவது, பெண் பார்ப்பது, சீட்டுப் பிடிப்பது எல்லாமே உதட்டில்தான்.

சோணைமுத்துவைப் பார்த்து உதட்டை அசைத்தேன். 'ஏலே, நீதான் அம்பயர். திரைக்கு ஓரமா நில்லு. சுவிட்ச் மேல போனா புதுசு, கீழ போனா பழசு. எது ஓடுதுன்னு எனக்கு உதட்டுல சொல்லு.'

'மதினிக்குத் தெரிஞ்சா?' என்றது அவன் உதடு.

'அவளுக்கு என்னலே தெரியும்? கீரை ஆயத் தெரியும்.'

செல்லத்தாய் தலையைத் தூக்கினாள். "என்னண்ணே, ரெண்டு பேரும் வாய மெல்லுதீக? வெத்தல வேணுமா?"

"வேண்டாம் மதினி," என்றான் சோணைமுத்து, சத்தமாக.

அவள் சிரித்துக்கொண்டே ஒரு தண்டை ஒடித்தாள். ஆண்டாள் புண்ணியத்தில் காரியம் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டு செட்டையும் மேஜையில் வைத்து, நடுவில் இருவழி சுவிட்சைப் பொருத்தினேன். சுவிட்சுக்குப் பின்னால் சிவப்பு டேப் ஒட்டிய வயர் புதுசுக்கு, பச்சை டேப் ஒட்டியது பழசுக்கு. குளித்துவிட்டு வருவதற்குள் செல்லத்தாய் குறுக்கே தன் புடவையைக் கொடிபோட்டுக் கட்டிவிட்டாள். ஸ்பீக்கர்களையும் வேட்டியால் மூடிவிட்டாள்.

"அம்பயரு கண்ணுலயும் படக்கூடாதுல்ல. நியாயம்னா நியாயம்," என்றாள்.

அவள் திரைக்குப் பின்னால் சுவிட்சைப் பிடித்து உட்கார்ந்தாள். சோணைமுத்து ஓரத்தில், சுவிட்சும் என் முகமும் தெரிகிற இடத்தில் நின்றான். நான் நாற்காலியில் ஜமீன்தார் மாதிரி சாய்ந்தேன்.

வீணை ஆரம்பித்தது. சோணைமுத்துவின் உதடு அசைந்தது. 'பழசு.'

"சீ!" என்றேன். "தகர டப்பா! உசுரே இல்ல. வறண்ட பேஸ். இதுல வீணை கேக்குததுக்குப் பதிலா பஸ் ஸ்டாண்டுல நின்னு ஹாரன் கேக்கலாம்."

டக். சுவிட்ச் மாறியது. 'புதுசு' என்றது சோணைமுத்துவின் உதடு.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நடிக்கவில்லை. குண்டு குண்டாக, உருண்டையாக, நெஞ்சுக் கூட்டில் வந்து உட்கார்ந்தது ஒவ்வொரு மீட்டலும். இத்தனை வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தேன்! கண்ணில் தண்ணீர்.

"இதுதான்! வெதுவெதுப்புன்னா இதுதான்! நாலு ஸ்பீக்கர், தனிப் பொட்டி இல்லாமப் பொறக்காதுட்டி இந்த ஒலி. இதுதான் புதுசு!"

"முடிவாச் சொல்லுதீகளா?"

"சத்தியம்!"

"பொறவு மாத்திப் பேசக் கூடாது. அண்ணே, நீங்க சாட்சி."

புடவை விலகியது. வேட்டியும் விலகியது.

புது ஸ்பீக்கர்கள் ஐந்தும் வாயடைத்து நின்றன. பாடிக்கொண்டிருந்தது, ஓசியில் வந்த அந்தப் பழைய உள்ளங்கை ஸ்பீக்கர் ஜோடி. ரெண்டும் ரெண்டு மண்பானைகளின் வாயில் கவிழ்ந்து கிடந்தன. நல்ல தண்ணீர் பிடித்து வைக்கும் பானைகள்.

சோணைமுத்துவைப் பார்த்தேன். அவன் சுவிட்சைப் பார்த்தான். சுவிட்ச் மேலேதான் இருந்தது.

"வயர மாத்திச் சொருகிட்டேன்," என்றாள் செல்லத்தாய், உப்புப் போட மறந்ததைச் சொல்வது போல.

"எதுக்கு? ஏன்? ஒனக்கு எப்படி..."

"ஏங்க, என்னய எங்க பாத்துப் பிடிச்சுக் கட்டுனீக?"

மில்லில். நூல் சுற்றும் ரீலிங் செக்ஷனில். அந்த இரைச்சலில், ரெண்டு வரிசை மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், 'என்னைக் கட்டிக்கிடுதியா' என்று நான் கேட்டது... உதட்டில்தான். 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்று அவள் சொன்னதும் உதட்டில்தான். கல்யாணத்தோடு மில்லிலிருந்து நிறுத்தினேன். வேலை நின்றுவிட்டது. உதட்டுப் படிப்பு நிற்கவில்லை. இத்தனை நாளும் முதுகையும் கம்ப்யூட்டரையும் மட்டும் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்ததில் எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"அண்ணே, 'புதுசு'ன்னா ஒங்க உதடு குவியும். 'பழசு'ன்னா விரியும். ஊமைக்கே தெரியும்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்குக் கீரை மட்டும்தான் ஆயத் தெரியுமாக்கும்?"

சோணைமுத்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சரி," என்றேன் கடைசி முயற்சியாக. "பானையவாவது குடு. அந்தச் சத்தம் எனக்கு வேணும்."

"தண்ணிக்கு என்ன செய்ய? நியாயம்னா நியாயம்," என்று ஸ்பீக்கரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பானைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புது செட்டை அன்றைக்கே ராஜபாளையத்துக்குத் திரும்பச் சுமந்தேன். அப்படியே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மனசு தாங்காமல் குழுவில் நடந்ததை எல்லாம் எழுதினேன். அனுதாபம் வரும் என்று பார்த்தேன். மறுநாள் சந்தையே கூடியிருந்தது. பானை எந்தக் கம்பெனி? களிமண்ணா, செம்மண்ணா? பின்லாந்துக்காரன், சூளையில் சுட்ட பானையில் வெதுவெதுப்பு குறையும் என்றான். அவனுக்குக் காதே கிடையாது என்றார் பல் டாக்டர்.

தீபாவளிக்கு முன்பே கிரைண்டர் வந்துவிட்டது.

இன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தேன். கண்ணை மூடிய நொடியில் தலைமாட்டில் கடகடவென்று ஆரம்பித்தது. கட்டில் அதிர்ந்தது. காதுக்குள் குடியிருந்த 'கீ'கூடப் பயந்து அடங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து கத்தினேன். என் கத்தல் எனக்கே கேட்கவில்லை.

கிரைண்டர் பக்கத்தில் செல்லத்தாய் நின்றாள். இடுப்பில் கை. கால் முழுசாகத் தரையில். என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். மில்லுக்காரன் அல்லவா, ஒரு எழுத்து பிசகாமல் படித்தேன்.

'பேஸ் போதுமா?'