டிசம்பர் ஆமை

ஃபிரிஜ் கதவில் ஓர் ஆமை ஒட்டியிருந்தது.

பால் எடுக்க வந்த லயனல் ஹார்ட்ரிட்ஜ் அப்படியே நின்றுவிட்டார். 'டெய்லி விசில்' பத்திரிகையிலிருந்து கத்தரித்த செய்தி. 'பாதிரியாரின் ஆமை சொன்னால் குதிரை ஜெயிக்கும்' என்று தலைப்பு. எழுதியவர் கென் டப்ஸ்.

"ஷீலா, இது என்ன?"

"படிச்சுப் பாரேன். முட்டைக்கோஸ் இலையில குதிரைங்க பேரை எழுதி வெக்கிறாங்களாம். ஆமை எந்த இலையைத் திங்குதோ அந்தக் குதிரைதான் ஜெயிக்குதாம். சிரிச்ச சிரிப்புல டோஸ்ட்டைக் கருக விட்டுட்டேன்."

லயனல் பதினொரு வருடமாக 'ஆர்பிட்டர்' பத்திரிகையில் வாராவாரம் 'மணிக்கூண்டு' என்ற பத்தி எழுதுகிறார். பழைய தேவாலயங்களைப் பற்றி. விரித்தால் கட்டிலுக்கே போர்த்தலாம், அவ்வளவு பெரிய பத்திரிகை. ஓய்வுபெற்ற நீதிபதிகளும் பிஷப்புகளும் வாங்குவது. அந்தப் பத்தியில் ஒரு துண்டுகூட இதுவரை இந்த ஃபிரிஜ்ஜில் ஏறியதில்லை. லயனலுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் இரண்டு பத்திரிகைக்கும் முதலாளி ஒருவரே. பிஸ்கட் விற்றுப் பணக்காரரான கிம்பிள் பிரபு. வரி கிடையாத ஏதோ ஒரு தீவில் இருந்தார். லண்டன் கட்டடத்தில் ஐந்தாவது மாடி விசிலுக்கு, ஆறாவது ஆர்பிட்டருக்கு. பஸ் டிரைவரிலிருந்து கொத்தனார் வரை முப்பது லட்சம் பேர் விசிலை வாங்கினார்கள். விசில் சம்பாதித்தது. ஆர்பிட்டர் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே விசிலைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டது. பிரபு படிப்பது விசில், விருந்தாளிகள் வந்தால் மேஜைமேல் வைப்பது ஆர்பிட்டர்.

அன்று லிஃப்டில் கென் டப்ஸ் இருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வாத்தியாரே, இந்த வாரம் எந்த சர்ச்சு?" என்றார் கென்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, மிஸ்டர் டப்ஸ்."

"புரியாதுதான். அதனாலதானே கேக்கறேன்."

லிஃப்டே சிரித்தது. லயனல் நான்காவது மாடியிலேயே இறங்கி, படியேறிப் போனார்.

அவருக்கு ஒரே ஆறுதல் மிஸ் எனிட் ஃபென்விக். ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரிலிருந்து வாரம் தவறாமல் ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் அம்மையார். 'நெதர் காம்பிள் தேவாலயத்தில் மணிகள் ஆறு. ஐந்து என்று எழுதிய திரு. ஹார்ட்ரிட்ஜ் நேரில் போய் எண்ணிப் பார்க்கலாம்' என்கிற பாணியில் சுள்ளென்று இருக்கும். கடிதங்கள் பக்கத்தில் அச்சாகும். நான்கு வாரம் ஒரு கடிதமும் வராத பத்தியைத் தூக்கிவிடுவது ஆர்பிட்டர் வழக்கம். மணிக்கூண்டுக்கு மிஸ் ஃபென்விக்கைத் தவிர வேறு யாரும் எழுதியதில்லை.

'அவனுக்கு முப்பது லட்சம் பேர். எனக்கு ஒருத்தி. ஆனால் என்ன மாதிரி ஒருத்தி!' என்று லயனல் நினைத்துக்கொள்வார். அன்றைக்கு அதுவும் போதவில்லை. மதியம் திடீரென்று ஒன்று உறைத்தது. இது டிசம்பர். குளிர்காலம் முழுக்க ஆமை தூங்கும், எதையும் தின்னாது.

உடனே பத்திரிகைப் புகார்க் குழுவுக்கு எழுதினார். சொந்தப் பெயரில் எழுதினால் ஐந்தாம் மாடி ஆறு மாதத்துக்குச் சிரிக்கும். எனவே 'மிஸஸ் பாப்ஜாய், விதவை' என்று கையெழுத்துப் போட்டுத் தன் வீட்டு முகவரியையே கொடுத்தார். அவர் வீடு எங்கே என்று ஆபீசில் எவருக்கும் தெரியாது. ஒருவரும் வந்ததில்லை.

குழுவிடமிருந்து பதில் வந்தது. முதலில் பத்திரிகையும் புகார் செய்தவரும் தங்களுக்குள் சமாதானம் பேச வேண்டும், அதுதான் விதி. எனவே செய்தியை எழுதிய திரு. டப்ஸ் சனிக்கிழமை நேரில் வந்து மன்னிப்புக் கேட்பார்.

"ஷீலா, ஒரு அரை மணி நேரம் நீ விதவையா இருக்கணும்."

"நீ எங்க இருப்ப?"

"மாடிப்படிக்கு அடியில. அலமாரிக்குள்ள."

"அப்ப சரி," என்றாள் ஷீலா.

சனிக்கிழமை மூன்று மணிக்கு கென் பூங்கொத்தோடு வந்தார். லயனல் இருட்டில் வேக்குவம் கிளீனரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வார்த்தைகள் காதில் விழவில்லை. ஷீலாவின் சிரிப்பு மட்டும் விழுந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. நடுவில் ஒருமுறை 'ஹார்ட்ரிட்ஜ்' என்று தன் பெயர் கேட்டது. அதற்கும் ஒரு சிரிப்பு. அரை மணி இரண்டு மணி நேரமாயிற்று.

வெளியே வந்தபோது எலுமிச்சைக் கேக் பாதிக்குமேல் காலி.

"பாவம்ப்பா, நல்ல மனுஷன். மன்னிச்சிட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"மன்னிக்க நீ யாரு?"

"மிஸஸ் பாப்ஜாய்."

"என்னைப் பத்தி என்ன உளறினான்?"

"மேஜையில ஆர்பிட்டர் கெடந்துதா, பாத்ததும் கையில எடுத்தார். நேரா உன் பக்கத்துக்குத்தான் போனார். சர்ச்சு கட்டின வருஷத்தையெல்லாம் நீ தப்புத் தப்பாப் போடுவியாமே?"

லயனலுக்கு உச்சந்தலை சுட்டது. தன் வீட்டில், தன் கேக்கைத் தின்றுகொண்டு, தன் பெண்டாட்டியிடமே கேலி. அன்றே உட்கார்ந்து, 'ஒரு பூங்கொத்தால் உண்மையை மூடிவிட முடியாது' என்று மிஸஸ் பாப்ஜாய் பெயரில் குழுவுக்கு எழுதினார். பூங்கொத்து ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில், ஆமைக்கு நேராக, ஜாடியில் இருந்தது.

குழுவில் பாதிப் பேர் பத்திரிகை ஆசிரியர்கள். விசிலின் ஆசிரியரும் அதில் உண்டு. அவரை மட்டும் வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஆமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். புகார் சரி என்று தீர்ப்பு வந்தது.

விசில் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போட்டது. 'ஆமை தூங்குகிறது. இலையைத் தின்றது பக்கத்து வீட்டு முயல். வருந்துகிறோம்.' மறுநாள் முயலுக்கு வாழ்த்து அட்டைகள் மூட்டையாக வந்தன. கென் முன்னைவிடப் பிரபலமானார். ஷீலா திருத்தத்தையும் கத்தரித்து ஃபிரிஜ்ஜில் ஒட்டினாள்.

லயனல் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவர் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. தீவில் இருந்த கிம்பிள் பிரபு அந்த ஆமையை நம்பி ஒரு குதிரைமேல் பணம் கட்டியிருந்தார். குதிரை கடைசியாக வந்தது. அதன்பிறகுதான் அவர் திருத்தத்தைப் படித்தார். ஒரே ஒரு போன். கென் டப்ஸ் ஸ்காட்லாந்தின் வடகோடியில் அபர்டீனுக்கு, மீன் சந்தைச் செய்திகள் எழுத அனுப்பப்பட்டார்.

லயனல் அன்று லிஃப்டில் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் மிஸ் ஃபென்விக்கின் கடிதம் வரவில்லை. ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்தார். இரண்டாவது வாரமும் வரவில்லை. அவளை உசுப்ப வேண்டும் என்று ஒரு கோபுரத்தின் வயதில் வேண்டுமென்றே முந்நூறு வருடத்தைக் குறைத்தார். பதில் இல்லை. மூன்றாவது வாரம், இங்கிலாந்தின் தலைமைத் தேவாலயம் இருக்கும் கான்டர்பரியே ஸ்காட்லாந்தில் இருக்கிறது என்று எழுதினார். அச்சுக்கு முன் படிக்க வேண்டியவர்கள்கூட அதைக் கவனிக்கவில்லை. ஒரு பிஷப்பும் கோபப்படவில்லை.

நான்காவது வாரம் ஆசிரியர் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க லயனல். நாளைக்குள்ள ஒரு கடிதமாவது வரலேன்னா அந்த இடத்தைத் தோட்டக்கலைக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

லயனல் அறையைவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார். இனி யாருக்காக எழுதுவது என்று தெரியவில்லை. தனியாக வாழ்கிற வயதான பெண், செத்துக் கிடந்தாலும் யார் பார்ப்பார்கள்? ஈஸ்ட்போர்னுக்கு ரயிலேறி விடலாமா, பூ வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தார். எதிரே டோரீன் தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு மாடிக்கும் தபால் கொடுப்பவள் அவள்தான்.

"டோரீன், நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஈஸ்ட்போர்ன்லேர்ந்து, மிஸ் ஃபென்விக்னு போட்டு, ஏதாவது வந்திருக்கா?"

டோரீன் வண்டியை நிறுத்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அது என்னிக்கு சார் ஈஸ்ட்போர்ன்லேர்ந்து வந்துது? கென் சார்தான் செவ்வாக்கிழமையானா அஞ்சாவது மாடியில என் வண்டியில வெப்பாரு. 'விசில்காரன் பேர்ல எழுதினா மேல்மாடியில எவன் மதிப்பான் டோரீன்'னு சொல்லுவாரு."