உங்கள் வீட்டுக்குத் தரை வழியாக

பிளாக்ஹவுஸ் பே,
ஓக்லாந்து.
ஆடி, 1997

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் இராசநாயகம் அவர்களுக்கு,

நாங்கள் இங்கே பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். நீங்களும் மச்சாளும் ஜேர்மனிக் குளிரை வென்று நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது கோடை என்பது இதை எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெட்டினால் கடிதத்தின் அழகு கெட்டுவிடும், ஆகவே அந்த வரியை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த விஷயத்தைச் சொல்கிறேன். வருகிற சித்திரையில் நானும் இராசமலரும் உங்களைப் பார்க்க வருகிறோம். விமானத்தில் நேரே வந்து உங்கள் வாசலில் இறங்க வேண்டும் என்கிறாள் உங்கள் தங்கை. நானோ லண்டனில் இறங்கி, ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, ஒல்லாந்து, பெல்ஜியம் எல்லாவற்றையும் சக்கரத்தால் தொட்டுக்கொண்டு வர ஆசைப்படுகிறேன். அவளுக்கு உங்கள் சொல் ஒன்றுதான் ஏறும். ஆகையால் தயவுசெய்து இம்முறை தொலைபேசியில் கதைக்கும்போது, கார்ப் பயணம் உடம்புக்கு நல்லது என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு கிழமையாக விடாத மழை. சாப்பாட்டு மேசையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அட்லசை விரித்துவைத்துக்கொண்டு, கூரையில் விழும் மழையைக் கேட்டபடி, றைன் நதியின் நீலக் கோட்டில் விரலை வைத்து மெதுவாக இறங்குகிறேன். இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள் வருகின்றன, ஏதோ ஒரு கோவிலில் மணி அடிக்கிறது, இராசமலர் பக்கத்து இருக்கையில் தேத்தண்ணீர்ப் போத்தலோடு உறங்குகிறாள். ஆறே ஓடாத ஊரில் நின்று ஆயுள் முழுக்கப் புவியியல் படிப்பித்தவன் நான். “ஆறு எப்பிடி இருக்கும் சேர்?” என்று பிள்ளைகள் கேட்டால் மழை வெள்ளம் ஓடும் வாய்க்காலைத்தான் காட்டினேன். அந்தக் கடனாவது தீரட்டும். ஆனால் பயண முகவரிடம் போய், அப்படியே செக்கோஸ்லோவாக்கியாவையும் சேர்த்துவிடுங்கள் என்றபோது, அந்தப் பெண்பிள்ளை கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நாடு இப்போது இல்லை என்றாள். அதன் தலைநகரைப் பிழையாக எழுதிய எத்தனை பிள்ளைகளுக்குப் புள்ளியைக் குறைத்திருப்பேன்! கிழக்கு ஜேர்மனியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அடுத்தது பாதைப் பிரச்சினை. பெண் எடுத்த வீடு, மூத்தவர் வேறு, முதல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பாழாய்ப்போன பாரிஸ் வழியில் முதலில் வந்துவிடுகிறது. அங்கே என் சின்னம்மாவின் மகன் குலசிங்கம் இருக்கிறான். அவனுக்குச் சொல்லாமல் பாரிசைக் கடந்து, உங்களிடம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் அவனிடம் இறங்குவதாகத் திட்டம் போட்டேன். அதை உங்கள் தங்கை தொலைபேசியில் அவனிடமே உளறிவிட்டாள். “அண்ணை, என்ர வீட்டு வாசலால ஓடிப்போய், மச்சான் வீட்டில திண்டிட்டு, ஏவறை விட்டுக்கொண்டு என்ர வீட்டுக்கு வருவியளோ?” என்று பிடித்துக்கொண்டான். சரி, இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஒல்லாந்துக்கு வந்து அப்படியே உங்களிடம் வரலாம் என்று பார்த்தால், றைன் நதியோரமாகக் கடலிலிருந்து மலைக்கு ஏற வேண்டியிருக்கிறது. நான் படிப்பித்தது மலையிலிருந்து கடலுக்கு. மனம் ஒப்பவில்லை.

அங்கே வலப்பக்கம் ஓட வேண்டுமல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு கடைக் கார் பார்க்கில் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போதும் வலப்பக்கத்தாலேயே கம்பீரமாக வந்தேன், எதிரே வந்தவர்களெல்லாம் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். பொலிஸ்காரர் மறித்தார். மறித்த உடனே என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய், இலங்கை அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. அந்த மனிதர் அதை இருபக்கமும் திருப்பிப் பார்த்து, பணிவாகத் திருப்பித் தந்து, ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். பிரான்சுக்குப் பழகுகிறேன் என்றேன். தண்டப் பத்திரத்தை எழுதிக்கொண்டே, நல்ல பயணமாக அமையட்டும் என்றார். அன்றிலிருந்து கார்ச் சாவி மகள் யுவனேஸ்வரியின் கைப்பைக்குள்.

அவளிடம்தான் ஒரு நாள், ஒவ்வொரு எல்லையிலும் காட்டுவதற்கு நான் பிரதி எடுத்து அடுக்கிய பத்திரங்களைக் காட்டினேன். என்ன கேட்டால் என்ன சொல்வது என்றும் பாடமாக்கி வைத்திருந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

“அப்பா, பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் இடையில ஒருத்தரும் நிக்கமாட்டினம். யூ ஜஸ்ட் டிரைவ் த்ரூ.”

“ஒருத்தரும் எண்டால்? துவக்கோட ஒரு சென்ரிகூட இல்லையோ?”

“ஓம் அப்பா. நாட்டின்ர பேர் போட்ட ஒரு போர்ட் மட்டும்தான் இருக்கும்.”

மச்சான், அதற்குப் பிறகு எனக்கு றைன் நதி மறந்துபோயிற்று. நாங்கள் கொழும்புக்கு வந்த நாள் உங்களுக்குத் தெரியும். ஒரே நாட்டுக்குள் ஓரூரிலிருந்து இன்னோரூருக்குப் போவதற்கு எத்தனை தடவை இறங்கினோம்! வவுனியாச் சோதனைச் சாவடியில் பெட்டியைக் கொட்டச் சொன்னார்கள். உங்கள் தங்கையின் கூறைச்சேலை புழுதியில் கிடந்தது, அவள் அதை உதறி மடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இங்கே ரோட்டு வேலை செய்கிறவர் கையைக் காட்டினாலும் என் கை சட்டைப் பைக்குத்தான் போகிறது. ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குகிற இடத்தில், ஒருவரும் மறிக்காமல், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. திராட்சைத் தோட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் ஊர் டோர்ட்முண்ட் முருகன் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள,
ஏரம்பமூர்த்தி

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். தேத்தண்ணீர் கொண்டுவந்த இராசமலர் முதல் பக்கத்தை வாசித்துவிட்டாள். “எனக்கு ஆறும் வேண்டாம், மலையும் வேண்டாம், என்ர அண்ணையைப் பாக்கோணும்” என்று அழுதாள். நேரே வருகிற டிக்கெட்டை மகள் போன கிழமையே எடுத்துவிட்டாளாம், எனக்குத்தான் சொல்லவில்லை. குலசிங்கத்துக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். ஒல்லாந்து எல்லை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை என்று அட்லஸ் சொல்கிறது. ஏதாவது மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லி எங்கள் இருவரையும் ஒருநாள் அங்கே ஏற்றிப் போங்கள். அன்றைக்கு அடையாள அட்டையை உங்கள் வீட்டில் வைத்துவிட்டு வருவேன். எல்லை வந்ததும் மெதுவாகச் சொன்னால் போதும், காரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.